ஊற்றட்டுமா என்று கேட்ட கை

எங்கள் வீட்டுச் சவுனாவில், அதாவது நீராவிக் குளியலறையில், நூறு வாட் விளக்கு எரியும். பின்லாந்தில் வேறு எந்த வீட்டிலும் நான் அப்படிப் பார்த்ததில்லை. மற்றவர்களுக்குச் சவுனா என்றால் சுடுகல், நீராவி, அரையிருட்டு, மௌனம். என் அம்மா ஐலாவுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. அவள் கையால் பேசுகிறவள். அவளை இருட்டில் உட்காரவைப்பது வாயைக் கட்டிப்போடுவதற்குச் சமம்.

முதலில் வந்த மின்பணியாளர் அந்த விளக்கை மாட்ட மறுத்தார். கூரையருகே நூறு டிகிரி போகும், பிளாஸ்டிக் உருகிவிடும் என்றார். அம்மா கேட்கவில்லை. மாட்டினார். உருகியது. நான் தொழிற்பள்ளியில் சேர்ந்த வருடம் பீங்கான் ஹோல்டர் வாங்கி, தடித்த கண்ணாடிக் கூண்டு போட்டு, வெப்பம் தாங்கும் கம்பி இழுத்து, கூரையிலிருந்து இறக்கி, உட்காரும் பலகைகளுக்கு எதிர்ச்சுவரில் மாட்டினேன். அதற்குப் பிறகு பழுதாகவே இல்லை.

விறகு கொண்டுவந்து போட்ட பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்ன ஐலா, இது சவுனாவா, ஆபரேஷன் தியேட்டரா?"

நான் கையால் சொன்னேன். அம்மா உடனே திருப்பினாள். அதை நான் வாயால் சொல்ல வேண்டியிருந்தது.

"ஆபரேஷன் தியேட்டர்தானாம். வந்து படுங்க, அந்தத் தொப்பையை எடுத்துடறேங்கறாங்க."

கல்லில் தண்ணீர் ஊற்றுவதற்கு முன் மற்றவர்களைக் கேட்பது எல்லா வீட்டிலும் மரியாதை. எங்கள் வீட்டில் அது சட்டம். ஆவி எழும்பும்போது சூடு தாங்காமல் எல்லோரும் கண்ணை மூடிக் குனிவார்கள். கண் மூடினால் எங்களுக்குப் பேச்சு நின்றுவிடும். ஒருவர் பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் ஊற்றினால், பேசுகிறவர் முகத்தில் கதவைச் சாத்துவது மாதிரி. அதனால் அம்மா அகப்பையில் தண்ணீரை மொண்டு, புருவத்தை உயர்த்தி, ஒவ்வொருவர் முகமாகப் பார்ப்பாள். சொல்லி முடிச்சாச்சா, ஊற்றட்டுமா? எல்லோரும் தலையாட்டிய பிறகுதான் ஊற்றுவாள். ஊற்றியதும் குனிந்து இரண்டு உள்ளங்கையாலும் காதுகளைப் பொத்திக்கொள்வாள். சூட்டில் முதலில் எரிவது காது மடல்.

காது கேளாதோர் சங்கத்து எஸ்கோ சனிக்கிழமைகளில் மனைவியோடு குளிக்க வருவார். அவரும் பிறவியிலிருந்தே கேட்காதவர். அம்மாவின் பள்ளித் தோழர்.

"எதுக்கு இப்படிப் பொத்திப் பாதுகாக்கறே? கேட்காம போயிடுமேன்னு பயமா?"

"நான் அழகுக்கு வெச்சிருக்கேன். உனக்கு அதுக்கும் உதவாது, பாவம்."

இருவரும் அந்தப் பள்ளியைப் பற்றி அதிகம் பேசமாட்டார்கள். அங்கே வகுப்பில் கைகளைத் தொடைக்கடியில் வைத்து உட்காரச் சொல்வார்களாம். வாயால் பேசிப் பழக வேண்டும், கை அசைந்தால் அடி. விடுதியில் விளக்கை அணைத்த பிறகு பிள்ளைகள் தெருவிளக்கு வெளிச்சம் விழும் ஜன்னலுக்கு ஓடுவார்கள். அந்த ஜன்னலோரக் கட்டிலுக்கு எப்போதும் சண்டை. எப்போதும் அம்மாதான் ஜெயித்தாள் என்று எஸ்கோ சொல்வார். தோற்றவர்கள் இருட்டில் ஒருவர் உள்ளங்கையில் மற்றவர் எழுதிப் பேசுவார்களாம்.

பிறகு அம்மா தபால் பிரிக்கும் கூடத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தாள். கூட வேலை செய்தவர்களுக்குக் கைமொழி சொல்லிக்கொடுத்தாள். காலை வணக்கம் என்று அவள் சொல்லிக்கொடுத்த ஒன்றை மேலாளர் தினமும் எல்லோர் முன்னாலும் செய்துகொண்டிருந்தார். அது வணக்கம் இல்லை. அவர் ஓய்வுபெறும்வரை யாரும் சொல்லவில்லை.

எனக்குக் காது கேட்கும். ஆனாலும் அம்மா என்னைக் கூப்பிட்டதைக் காதால் கேட்டதாக நினைவில்லை. அவள் தரையை மிதிப்பாள். இரண்டு மிதி, சிறு இடைவெளி, மறுபடி இரண்டு. பலகைத் தரை வழியாக அது என் உள்ளங்காலுக்கு வரும். இன்று ஒரு காகித ஆலையில் இயந்திர உருளைகளின் அதிர்வை அளப்பது என் வேலை. எந்தப் பேரிங் தாங்கி எப்போது உடையும் என்று முன்கூட்டிச் சொல்வேன். இந்த வேலைக்கு எங்கே பயிற்சி எடுத்தாய் என்று கேட்பவர்களிடம் எங்கள் வீட்டுக் கூடத்தில் என்று சொல்வதில்லை.

ஜனவரியில் அம்மாவுக்கு இதயம் தளர்ந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பகலில் மருத்துவர் வரும் நேரத்துக்கு மொழிபெயர்ப்பாளர் வந்தார். இரவுக்கு யாரும் இல்லை. கட்டிலுக்கு மேலே ஓர் அட்டை ஒட்டியிருந்தார்கள். காது கேட்காது, உரக்கப் பேசவும். நான் அதைக் கிழித்துவிட்டு வேறு எழுதி ஒட்டினேன். முகத்தைப் பார்த்துப் பேசவும், விளக்கை அணைக்க வேண்டாம். அடுத்த நாள் பழைய அட்டையைப் போலவே புதிது ஒன்று அச்சிட்டு ஒட்டியிருந்தார்கள்.

கடைசி இரவில் பனிப்புயல். ஆலை இருக்கும் ஊருக்கும் எங்கள் துறைமுக ஊருக்கும் நடுவே சாலையை மூடிவிட்டார்கள். காலையில் நான் போய்ச் சேர்ந்தபோது அம்மா இல்லை. இரவுப் பணி முடிந்து கிளம்பிக்கொண்டிருந்த செவிலியர் எனக்காகக் காத்திருந்தார். இளம்பெண். அழுதிருந்தார்.

"நிம்மதியா போனாங்க. ராத்திரி கொஞ்சம் பதற்றமா இருந்தாங்க, கையை ஆட்டிக்கிட்டே இருந்தாங்க. தூங்கட்டும்னு லைட்டை அணைச்சேன். அப்புறம் அடங்கிட்டாங்க."

"கையை எப்படி ஆட்டினாங்க?"

அவர் யோசித்தார். பிறகு முகத்துக்கு முன்னால் ஈ ஓட்டுவதுபோலச் செய்து காட்டினார்.

அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்த வாக்கியம் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. விளக்கை அணைத்ததும் அடங்கிவிட்டாள். அவள் பேசிக்கொண்டிருந்தாள். என்ன சொன்னாள்?

இறுதிச்சடங்குவரை அம்மா வீட்டில் தங்கினேன். அங்கே முதல் மாலையே தரை அதிர்ந்தது. நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். இரண்டு, இடைவெளி, இரண்டு. ஈரக்கையோடு திரும்பி, "என்னம்மா?" என்று கையால் கேட்டுவிட்டேன். கூடத்தில் அவள் நாற்காலி இருந்தது. அதன் மேல் சால்வை.

மறுநாளும் வந்தது. எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். ஆலையிலிருந்து அதிர்வுமானியைக் கொண்டுவந்து தரைப்பலகையில் ஒட்டினேன். அடித்தளத்தில், வீட்டைச் சூடாக்க வெந்நீரைச் சுழற்றும் பம்ப். தாங்கி தேய்ந்து, குழாயைப் பிடிக்கும் கவ்வியும் தளர்ந்திருந்தது. பம்ப் கிளம்பும்போதெல்லாம் குழாய் உத்தரத்தில் இடிக்கிறது. வரைபடத்தில் தெளிவாக இருந்தது. காரணம் தெரிந்த பிறகும் ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்தேன். புதுத் தாங்கி வாங்கிவந்தேன். பெட்டியைப் பிரிக்கவில்லை.

அடக்கத்துக்குப் பிறகு காப்பி, சங்கக் கூடத்தில். கேட்காதவர்களின் துக்கவீட்டில் சுற்றிவளைத்துப் பேசுவது கிடையாது. எப்படிச் செத்தாள், முகம் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது, கடைசியாக என்ன சொன்னாள், எல்லாம் கேட்பார்கள். முழுசாகச் சொல்ல வேண்டும். கேட்டதை அடுத்தவருக்குக் கொடுப்பார்கள். கடைசிப் பேச்சு இப்படிக் கைமாறி ஊரெல்லாம் போகும். அதுதான் அவர்கள் செய்யும் மரியாதை. என்னிடம் கொடுக்க ஒன்றுமில்லை.

"ஒண்ணுமே சொல்லாமலா போனா? ஐலாவா?" எஸ்கோ நம்பவில்லை. "தூக்கத்துலயே பேசறவ அவ."

"பேசியிருக்காங்க. படிக்க ஆள் இல்ல."

"அறையில வேற யாரு?"

"பக்கத்துக் கட்டில்ல ஒரு வயசானவங்க. அவங்களுக்குக் காது கேக்கும். கைமொழி தெரியாது."

"தெரிய வேண்டாமே. கண் இருக்குல்ல? வாயால பேசினா காத்தோட போயிடும். கையால பேசினா அறையில இருக்கறவங்க எல்லாரும் பார்த்திருப்பாங்க. போய்க் கேளு, என்ன பார்த்தீங்கன்னு."

"பேரு தெரியாது. ஆஸ்பத்திரியில சொல்லமாட்டாங்க."

"பேரு யாருக்கு வேணும்? ஆள் எப்படி இருந்தா?"

செம்பட்டைச் சாயம் போட்ட முடி, காலில் மாவுக்கட்டு, மேலுதட்டில் மரு, உள்ளங்கை நிறையச் சின்னச் சின்னத் தழும்பு. நான் செய்து காட்டி முடிப்பதற்குள் மேஜையைச் சுற்றி நான்கைந்து கைகள் எழுந்தன. எல்லாம் ஒரே அடையாளம்: மருவைத் தொட்டு, மீனின் வயிற்றைக் கிழித்தன.

"சந்தையில ஹெர்ரிங் மீன் விக்கிறவ," என்றார் எஸ்கோ. "எடையில ஏமாத்தமாட்டா. பேச்சுதான் நிக்காது. உதடு ஓயாம ஆடிக்கிட்டே இருக்கும்."

அவர் பெயர் கெர்ட்டு. மீன் கடை மூடியிருந்தது, பக்கத்துக் கடைக்காரர் வீட்டைக் காட்டினார். கதவு திறந்தே இருந்தது. மாவுக்கட்டுக் காலை முக்காலியில் தூக்கிவைத்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த பின்னலைக் கீழே வைத்தார்.

"நீ வருவேன்னு தெரியும். அன்னிக்குக் காலையில கையைத் தூக்கிக் கூப்பிட்டேன். நீ பாட்டுக்குப் போயிட்ட."

"பார்த்தேன். அப்ப யார்கூடவும் பேச முடியல."

"அது சரி. உக்காரு பொண்ணே. காப்பி இறங்காம எனக்கு வார்த்தை வராது. நீயே ஊத்திக்க, அந்த ஏலக்காய் ரொட்டியையும் எடுத்துக்க. நேத்துது. பல்லு நல்லா இருந்தா கடி."

ஊற்றினேன். அவர் பேச ஆரம்பித்தார்.

"அந்த அட்டை இருந்துச்சே, உரக்கப் பேசவும்னு. அதைப் பார்த்துட்டு டாக்டர் கத்தறாரு, நர்ஸ் கத்தறா, கூட்டறவகூடக் கத்தறா. உங்கம்மா பாட்டுக்குத் தூங்கறா. ஆஸ்பத்திரியில காது போனது எனக்குத்தான்."

நான் சிரித்தேன். ஜனவரிக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

"அந்த ராத்திரி என்ன நடந்துதுன்னு சொல்லுங்க."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நர்ஸ் விளக்கை அணைச்சா. நல்ல பொண்ணுதான், தூங்கட்டும்னு அணைச்சா. அப்புறம் அந்தப் பக்கத்துல ஒரே தட்டல். கட்டில் கம்பியில. தட்டி நிறுத்தும், தட்டி நிறுத்தும். யாரையோ கூப்பிடற மாதிரி."

"ரெண்டு ரெண்டா?"

"ஆமா, ரெண்டு ரெண்டா. உனக்கு எப்படித் தெரியும்?"

நான் காலால் தரையை இரண்டு இரண்டாக மிதித்துக் காட்டினேன்.

"எனக்குன்னா காலை அசைக்க முடியாது. எழுந்து போக முடியல. ஆனா என் கட்டில்ல படிக்கற விளக்கு ஒண்ணு இருந்துச்சு, கழுத்தை வளைக்கலாம். அதைப் போட்டு உங்கம்மா பக்கம் திருப்பினேன். தட்டல் நின்னுடுச்சு. விளக்கைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. உடனே கை எழும்பிச்சு. குழாய் சொருகின கையையும் தூக்கி என்னமோ கேட்டா. தண்ணி கேக்கறாளோன்னு நான் மணி அடிச்சேன். நர்ஸ் வந்து குடிக்கத் தண்ணி குடுத்தா. உங்கம்மா தள்ளிவிட்டா. ரெண்டு பேரும் தூங்குங்கன்னு சொல்லிட்டு என் விளக்கையும் அணைச்சுட்டுப் போயிட்டா."

"மறுபடி இருட்டு."

"மறுபடி தட்டல். முன்னைவிட மெதுவா. எனக்கு மனசு கேக்கல. போடி நீ ஒருத்தின்னு திரும்பவும் போட்டேன். அதுக்கப்புறம் யாரும் வரல."

அவர் நிறுத்தினார். பேச்சு நிற்காது என்று எஸ்கோ சொன்ன அந்த உதடுகள் மூடிக்கொண்டன. பிறகு என்னை நேராகப் பார்த்தார்.

"இப்ப நான் உன்னை ஒண்ணு கேக்கணும். அதுக்குத்தான் உனக்காகக் காத்துக்கிட்டிருக்கேன். உங்கம்மா திரும்பத் திரும்ப ஒரே விஷயத்தைக் கேட்டா. எனக்கு விளங்கல. வேற என்ன செய்யறதுன்னு தெரியாம தலையாட்டிட்டேன். சரின்னு. அப்புறந்தான் கண்ணை மூடினா. சாகப்போறவகிட்ட எதுக்கு நான் சரின்னு சொன்னேன்? பணமா, வீடா, உன்னைப் பார்த்துக்கன்னா? அன்னியிலேருந்து எனக்குத் தூக்கம் இல்ல. மறந்துடக் கூடாதுன்னு தினம் செஞ்சு பார்க்கறேன்."

"செஞ்சு காட்டுங்க."

வெட்கப்பட்டார். கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டார். பிறகு செய்தார்.

அம்மாவை முகத்துக்கு நேராகப் பார்த்துக் கற்றதால் இடம் வலம் மாறியிருந்தது. மீன் கிழிக்கும் விரல்கள், விறைப்பாக அசைந்தன. முதலில் என்னைச் சுட்டினார். பிறகு எதையோ பிடித்த கை தாழ்ந்து, மொண்டு, எழுந்து நின்றது. இரண்டு புருவமும் உயர்ந்தன. அப்படியே என் முகத்தைப் பார்த்தார்.

"இங்கதான் நான் தலையாட்டினேன். உடனே அந்தக் கையை இப்படிக் கவிழ்த்தா. அப்புறம் குனிஞ்சு..." அவர் தயங்கினார். "இதுதான் எனக்கு விளங்கவே இல்ல. ரெண்டு காதையும் பொத்திக்கிட்டா. காதே கேக்காதவ எதுக்குக் காதைப் பொத்தணும்? அவளுக்கு மட்டும் ஏதோ கேட்டிருக்கு. என்ன கேட்டுச்சோன்னு நெனச்சா எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்குது."

அவர் கைகள் இன்னும் காதின் மேல் இருந்தன.

"சவுனா," என்றேன்.

"என்னது?"

"எங்க வீட்டுச் சவுனாவுல பெரிய விளக்கு எரியும். நீங்க விளக்கைத் திருப்பினதும் அங்க இருக்கறதா நெனச்சுட்டாங்க. அகப்பையில தண்ணி மொண்டு, ஊத்தட்டுமான்னு உங்ககிட்ட கேட்டாங்க."

கெர்ட்டு தன் கையைப் பார்த்தார். அதில் இல்லாத அகப்பையைப் பார்த்தார்.

"அடக் கடவுளே. அப்ப நான்..."

"நீங்க பக்கத்துல உட்கார்ந்திருந்தீங்க. ஊத்துன்னு சொன்னீங்க."

"துணியில்லாம உக்கார்ற சவுனாவுல, சட்டை போட்டுக்கிட்டா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவருக்கு அழுகை வந்துவிட்டது. "ஒவ்வொரு தடவை கண்ணைத் திறக்கும்போதும் கேட்டா. ஒவ்வொரு தடவையும் நான் ஊத்து ஊத்துன்னு சொல்லியிருக்கேன். கடைசித் தடவை குனிஞ்சவ நிமிரல. தூங்கறான்னு நெனச்சு விளக்கை அப்படியே விட்டுட்டேன்."

வாசல்வரை நொண்டிக்கொண்டே வந்தார்.

"அதுக்கு முன்னாடி, முதல்ல இருட்டா இருந்துச்சே," என்றார். "அப்ப என்ன சொன்னான்னு எனக்குத் தெரியாது. தட்டினது மட்டுந்தான் கேட்டுச்சு."

"தெரியும்."

"நான் இன்னும் சீக்கிரமா போட்டிருக்கலாம்."

"நீங்க ஒருத்தர்தான் போட்டீங்க," என்றேன்.

அடுத்த சந்திப்பு நாளில் சங்கக் கூடத்துக்குப் போனேன். எஸ்கோ விளக்கை அணைத்துப் போட்டு எல்லோரையும் திரும்ப வைத்தார். சொன்னேன். எதையும் விடவில்லை. நான் முடித்ததும் பக்கத்தில் இருந்தவர் அடுத்தவருக்குச் சொன்னார், அவர் பின்மேஜைக்குச் சொன்னார். கூடம் முழுக்க அகப்பைகள் தாழ்ந்தன, மொண்டன, புருவங்கள் உயர்ந்தன. ஒருவர்பின் ஒருவராகக் குனிந்து காதைப் பொத்தினார்கள். அம்மாவைத் தெரியாத இளையவர்களும் செய்தார்கள்.

எஸ்கோ மட்டும் செய்யவில்லை.

"அதுக்கு முன்னாடி?" என்று கேட்டார். "இருட்டுல?"

"தெரியாது."

அவர் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். நீண்ட நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

வீட்டை விற்க வேண்டும். நாள் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன். வருகிறவர்கள் முதலில் அந்த விளக்கைக் கழற்றிவிடுவார்கள். பம்பையும் மாற்றுவார்கள். மாற்றத்தான் வேண்டும், அந்தத் தாங்கி இந்தக் குளிர்காலம் முடியும்வரை தாங்காது. இது என் தொழில், இதில் எனக்குத் தவறு வராது.

சென்ற சனிக்கிழமை சவுனா அடுப்பை மூட்டினேன். பிர்ச் மர விறகு, அவள் அடுக்கிவைத்தது. நூறு வாட் எரிந்தது. மேல் பலகையில் என் இடத்தில் உட்கார்ந்தேன், அவள் இடத்தை விட்டுவிட்டு. கல் சூடேறியது. வாளியிலிருந்து மொண்டு அகப்பையைத் தூக்கினேன். பழக்கம், புருவம் தானாக உயர்ந்தது. பக்கத்துப் பலகையைப் பார்த்தேன். வெளிச்சம் அதன் ஒவ்வொரு கணுவிலும் விழுந்திருந்தது.

சொல்லி முடிச்சாச்சா?

கீழே பம்ப் கிளம்பியது. இரண்டு, இடைவெளி, இரண்டு. பலகை வழியாக உள்ளங்காலுக்கு வந்தது.

அகப்பையை வாளிக்குள் திரும்ப வைத்தேன். அன்று நான் ஊற்றவில்லை.